சாயம் எதுவும் சேர்க்காமல், ரத்த சீரத்தில் ஆன்டிபாடி (நோய் எதிர்ப்புப் புரதம்) இருப்பதை பாலிமர் ஒளி சென்சார் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எல்லாம் ஒளிவிலகல் எண்ணை, அதாவது ஒரு பொருளுக்குள் ஒளி எத்தனை மடங்கு மெதுவாகப் போகிறது என்ற எண்ணை, வைத்துத்தான். பிஎம்எம்ஏ (அக்ரிலிக்), பாலிஸ்டைரீன் போன்ற தெளிவான பாலிமரில் மெல்லிய ஒளித்தடம் அமைப்பார்கள். பாலிமருக்கு அந்த எண் சுமார் 1.5, தண்ணீருக்கு 1.33. அதனால் ஒளி முழு அக எதிரொளிப்பு அடைந்து தடத்துக்குள்ளேயே ஓடும். ஆனால் கொஞ்சம் வெளியே கசிந்து, சில நூறு நானோமீட்டருக்குள் மங்கிவிடும். வேலை நடப்பது அந்தக் கசிவில்தான்.

தடத்தின் மேல் முன்கூட்டியே ஆன்டிஜெனை (அந்த ஆன்டிபாடி பிடித்துக்கொள்ளும் பொருளை) ஒட்டிவைத்திருப்பார்கள். பொருத்தமான ஆன்டிபாடி வந்து, நீரை விலக்கிவிட்டு அதைப் பிடித்துக்கொண்டதும் அங்கே ஒளிவிலகல் எண் துளி கூடும். வளையத் தடமாக இருந்தால் ஒத்ததிர்வு அலைநீளம் (வளையத்தைச் சுற்றிச்சுற்றி வந்து வலுப்பெறும் ஒளியின் அலைநீளம்) நகரும். அந்த நகர்வைத்தான் அளக்கிறார்கள்.

சரி, சிக்கல் எங்கே? சீரத்திலேயேதான். லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் புரதம், அதில் பாதிக்கு மேல் ஆல்புமின். சம்பந்தமில்லாத புரதம் ஒட்டினாலும் சென்சார் அதையும் ஆன்டிபாடி என்றே எண்ணிக்கொள்ளும்! அதைத் தடுக்க பாலிஎத்திலீன் கிளைக்கால் பூச்சு பூசுவார்கள், சீரத்தை நீர்க்கச் செய்வார்கள், பக்கத்தில் ஆன்டிஜென் இல்லாத ஒப்பீட்டுத் தடம் ஒன்றும் வைத்து, அதில் தெரியும் நகர்வைக் கழித்துவிடுவார்கள். என்னைக் கேட்டால், ஒப்பீட்டுத் தடம் இல்லாத அளவீட்டை நம்பவே கூடாது. ஒரு டிகிரி வெப்பம் ஏறினாலே பாலிமரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 0.0001 குறையும், உண்மையான சிக்னலை மூழ்கடிக்க அதுவே போதும்.

பாலிமரை அச்சில் அழுத்தி மலிவாகத் தயாரிக்கலாம். ஆனால் சிலிக்கான் அளவுக்கு ஒளியை இறுக்கிப் பிடிக்காததால் வளையம் பெரிதாக இருக்க வேண்டும். அப்புறம், ஒட்டியது ஐஜிஜியா ஐஜிஎம்மா (இரண்டும் ஆன்டிபாடி வகைகள்) என்று பிரித்தறிய, அவற்றில் ஒன்றை மட்டும் பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடியை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.