பழைய இழைப்புளி, உளி: வாங்குவதும் பழக்கத்துக்குக் கொண்டுவருவதும் (கேள்வி பதில்)

கேள்வி: அண்ணா, பழைய இரும்புக் கடையில் ஸ்டான்லி கம்பெனியின் 4-ம் நம்பர் இழைப்புளி ஒன்று கிடக்கிறது, முழுக்கத் துரு. வாங்கலாமா?

வாங்கலாம் தம்பி, ஆனால் கையில் எடுத்து நன்றாகப் பார்த்துவிட்டு. துருவைப் போக்கிவிடலாம், விரிசலை ஒன்றும் செய்ய முடியாது. உடம்பு வார்ப்பிரும்பு, கீழே விழுந்தால் வாய் (பிளேடு எட்டிப் பார்க்கும் துளை) ஓரத்திலோ பக்கச் சுவரிலோ முடி மாதிரி கோடு விட்டிருக்கும், அதன் மேல் துரு படிந்தால் கண்ணுக்கே தெரியாது. நகத்தால் தடவிப் பாருங்கள். அப்புறம் பிளேடைக் கழற்றி அதன் தட்டையான பக்கத்தைப் பாருங்கள். முனையருகே துரு குழி குழியாகத் தின்றிருந்தால் வேறு பிளேடு தேட வேண்டிவரும். திருகு எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிவிடுங்கள், ஏனென்றால் ஸ்டான்லியின் மரைகள் தனி அளவு, சாதாரண ஹார்டுவேர் கடைத் திருகு ஏறாது.

கேள்வி: உடம்பில் ஏப்ரல் 19, 1910 என்று வார்த்திருக்கிறது. அதுதான் செய்த வருஷமா?

இல்லை, அது காப்புரிமை வாங்கிய தேதி. செய்தது அதற்குப் பிறகு. மூல வடிவம் இன்னும் பழையது, லெனார்ட் பெய்லி என்ற அமெரிக்கக் கருவி வடிவமைப்பாளருடையது. அவருடைய உரிமைகளை ஸ்டான்லி 1869-ல் வாங்கியது.

கேள்வி: துரு போக்க பாத்ரூம் ஆசிட் ஊற்றலாமா?

தயவுசெய்து வேண்டாம். அதன் புகையே அறையில் இருக்கும் மற்ற இரும்பையும் துருப்பிடிக்க வைக்கும். வெள்ளை வினிகரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, காலையில் பிரஷ்ஷால் தேய்த்து, சோடா உப்புத் தண்ணீரில் அலசி, உடனே துடைத்துக் காயவைத்து எண்ணெய் தடவுங்கள். நாள்கணக்கில் ஊறவிட்டால் நல்ல இரும்பையும் அரித்துவிடும். பேட்டரி சார்ஜர் வைத்துத் துரு எடுக்கிறவர்கள் பிளஸ் கம்பியில் மாட்டும் இரும்புத் துண்டுக்குப் பதிலாக எவர்சில்வர் கரண்டியைப் போடவே கூடாது. அதிலிருக்கும் குரோமியம் நச்சாகித் தண்ணீரில் இறங்கும்.

கேள்வி: சாணை பிடித்த உளி இரண்டு வெட்டிலேயே மழுங்குகிறது.

முனை நீலமாக மாறியதா? அப்படியென்றால் சூட்டில் பதம் போய்விட்டது, அந்த நீலம் முழுக்கப் போகும்வரை தேய்த்தே தீர வேண்டும். இந்தத் தடவை அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள், விரல் தாங்காத சூடு வரவே விடாதீர்கள். சரிவு 25 பாகை போதும்; பாகைமானி இல்லையென்றால், சரிவின் நீளம் உளியின் கனத்தைப் போல இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள். முதுகுப் பக்கம் முனையில் கண்ணாடி மாதிரி தட்டையாக இல்லாமல் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. பெரும்பாலானவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: அப்பா வைத்திருந்த மர இழைப்புளி, கை பட்டுப் பட்டுக் கறுத்திருக்கிறது. உப்புத்தாள் போட்டு வெளுக்கலாமா?

அந்தக் கறுப்பில் கை வைக்காதீர்கள். அப்பாவின் விரல் பதிந்த பள்ளம் அதில் இருக்கும், தேய்த்தால் திரும்ப வராது. அடிப்பக்கம் கோணியிருந்தால் அதை மட்டும் சமமாக்குங்கள், ஆப்பு இறுக்கமாக உட்காருகிறதா என்று பாருங்கள், மேலே ஆளிவிதை எண்ணெய் லேசாகத் தடவுங்கள், அவ்வளவுதான். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள்.