எம்.கே.அல்ட்ரா என்பது என்ன? அரசே மக்களுக்குப் போதை மருந்து கொடுத்தது உண்மையா?

உண்மைதான். அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. 1953-ல் தொடங்கிய ரகசியத் திட்டம் அது. மருந்து, ஹிப்னாடிசம் போன்றவற்றால் ஒருவர் மனதை வசப்படுத்தி உண்மையைக் கக்க வைக்க முடியுமா என்று சோதித்தார்கள். கொரியப் போரில் பிடிபட்ட அமெரிக்க வீரர்கள் சிலர் எதிரிக்குச் சாதகமாகப் பேசியதும், கம்யூனிஸ்ட் நாடுகளுக்கு மூளைச்சலவை வித்தை கைவந்துவிட்டது என்ற பயம் பிடித்துக்கொண்டது.

முக்கிய ஆயுதம், இல்லாததை இருப்பதுபோல் தோன்றவைக்கும் எல்.எஸ்.டி. என்ற போதை மருந்து. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வீட்டுக்குப் பாலியல் தொழிலாளிகள் மூலம் ஆண்களை வரவழைத்து, அவர்களுக்கே தெரியாமல் மருந்தைக் கொடுத்து, ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கவனித்தார்கள். இதை ஆய்வு என்று சொல்லவே கூசுகிறது.

பலித்ததா? இல்லை. ரேடியோ குமிழைக் கண்டபடி திருகினால் ஓடும் பாட்டு கலைந்து இரைச்சல்தான் வரும். நாம் கேட்ட பாட்டு வராது. எல்.எஸ்.டி.யும் மூளையை அப்படித்தான் குழப்பியது.

1973-ல் சி.ஐ.ஏ. இயக்குநர் ரிச்சர்ட் ஹெல்ம்ஸ் இந்தத் திட்டத்தின் கோப்புகளை அழிக்கச் சொன்னார். கணக்கு வழக்குக் காகிதங்களோடு கிடந்த சுமார் 20,000 ஆவணங்கள் தப்பின. 1977-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் விசாரித்தது.

இதை வைத்து, ‘ஊர்க் குடிநீரிலேயே மருந்து கலந்து சமூகத்தை அடக்குகிறார்கள்’ என்பவர்கள் உண்டு. ஆவணங்கள் காட்டுவது தனி மனிதர்கள் மீது நடந்த சோதனைகளைத்தான்.