பால் பற்களில் இடைவெளி இருந்தால் சொத்தை வருமா?

கேள்வி: என் மகளுக்கு நாலு வயது. முன்பற்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தள்ளித் தள்ளி நிற்கின்றன. சாப்பிடுவது அந்தச் சந்தில் தங்கிச் சொத்தை விழுந்துவிடுமோ என்று கவலையாக இருக்கிறது. ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்: முன்பற்களின் இடைவெளிக்காக ஒன்றும் செய்ய வேண்டாம். இந்த வயதில் அது நல்ல சேதி. பின்னால் முளைக்கும் நிரந்தர முன்பற்கள் அகலமானவை. அவற்றுக்கான இடம்தான் இப்போது காலியாகத் தெரிகிறது. இடைவெளியில் தங்குவதை எச்சில் கழுவிவிடும், பிரஷ்ஷும் எட்டும். பார்க்கப்போனால், நெருக்கியடித்து நிற்கும் பற்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை.

அப்படி ஒரு நெருக்கம் உங்கள் மகளுக்கும் இருக்கலாம். அவளை மடியில் படுக்க வைத்து, டார்ச் அடித்துக் கடைவாயைப் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் மேலே இரண்டு, கீழே இரண்டு கடைவாய்ப் பற்கள். இரண்டரை வயதுவாக்கில் இவை முளைத்து முடியும். மூன்று, நான்கு வயதில் பல குழந்தைகளுக்கு இடைச்சந்து மூடிவிடும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூலை உள்ளே விடும்போது இறுக்கிப் பிடித்து 'டக்'கென்று இறங்கினால், பற்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். அங்கே பிரஷ் நுழையாது. சொத்தை அந்தத் தொடுமிடத்துக்குச் சற்றுக் கீழே ஆரம்பிக்கும். பால் பல்லின் எனாமல் மெல்லியது என்பதால் சீக்கிரம் உள்ளே போய்விடும். மேலிருந்து பார்த்தால் பல் முழுசாகவே இருக்கும். "நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது டாக்டர், கடிக்கும்போது ஓரம் உடைந்துவிட்டது" என்று வருகிறவர்கள் சொல்வது இதைத்தான்.

ஆகவே தொட்டுக்கொண்டிருக்கும் பற்களுக்கு நடுவே தினம் ராத்திரி ஒருமுறை ஃப்ளாஸ் செய்யுங்கள். நூல் பிசிறு பிசிறாக வந்தாலோ, பல்லோரம் சாம்பல் நிழல் தெரிந்தாலோ பல் மருத்துவரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் சின்ன எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார். காலையும் இரவும் ஃப்ளோரைடு பேஸ்ட், பட்டாணி அளவு போதும்; தேய்த்துவிடுவது நீங்களாக இருக்கட்டும்.

இடைவெளி இருக்கிறது என்பதற்காக முன்பற்களை மறந்துவிடவும் வேண்டாம். பால் புட்டியோடு தூங்கும் பழக்கம் இருந்தால் மேல் முன்பற்கள்தான் முதலில் கெடும், அதுவும் ஈறை ஒட்டி. மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் தொடக்கம். குழி விழாதவரை அதை ஃப்ளோரைடு கொண்டு நிறுத்திவிடலாம்.

அப்புறம், நான் பயப்படும் இடைவெளி ஒன்று உண்டு. கடைவாய்ப் பால் பல் 10, 12 வயதுவரை இருக்க வேண்டியது. சொத்தையால் அதை முன்னாடியே எடுக்க நேர்ந்தால், பின்னாலிருக்கும் பல் முன்னே சாய்ந்து, நிரந்தரப் பல்லுக்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பல்லை எடுக்கும்போதே, அந்த இடத்தைக் காக்கும் கம்பி வளையம் தேவையா என்று கேட்டுவிடுங்கள்.