காந்தி ஏன் பட்டியலில் இல்லை?

கேள்வி: 2012-ல் ‘மாபெரும் இந்தியர்’ வாக்கெடுப்பில் காந்தி பெயரே இல்லையே, ஏன்? எங்கள் வாசகர் வட்டத்திலும் இப்படி நடத்த நினைக்கிறோம்.
– வாசகர், திருமங்கலம்

பதில்: அந்த வாக்கெடுப்பின் கேள்வியே ‘காந்திக்குப் பிறகு யார்?’ என்பதுதான். 1921-ல் நம் மதுரை மேலமாசி வீதியில் அரையாடைக்கு மாறிய மனிதரைப் பட்டியலில் வைத்தால், அப்புறம் போட்டி ஏது? அம்பேத்கர் முதலிடம், கலாம் இரண்டாவது, படேல் மூன்றாவது.

அதில் நடுவர் குழு, பொதுமக்கள் வாக்கு, நேரடி சர்வே மூன்றையும் சேர்த்துத்தான் முடிவு சொன்னார்கள். பொதுமக்கள் வாக்கில் பின்தங்கிய நேரு நாலாம் இடம் பிடித்தது அதனால்தான். போன் ஓட்டை மட்டும் நம்பினால் ஆர்வலர் படை திரண்ட பக்கம்தான் ஜெயிக்கும்.

நீங்கள் பத்துப் பெயருக்கு மேல் போகாதீர்கள். ஆளுக்கு ஒரு சீட்டு, உறுப்பினர் எண்ணைப் பதிவேட்டில் டிக் அடித்துவிட்டுக் கொடுங்கள். சீட்டில் எண் வேண்டாம். மூன்று பெயர்களை வரிசைப்படுத்தச் சொல்லி 3, 2, 1 என மதிப்பெண் போடுங்கள். ஒற்றை ஓட்டென்றால் எல்லோருக்கும் இரண்டாவதாகப் பிடித்தவர் காணாமல் போவார். முதலில் அச்சான பெயருக்குச் சும்மாவே நாலு ஓட்டு விழும்; அகர வரிசையும் அதைத் தடுக்காது. சீட்டுகளில் வரிசையை மாற்றி மாற்றி அச்சடியுங்கள். சமநிலை வந்தால் என்ன செய்வது என்பதை எண்ணுவதற்கு முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள்.