குங் ஃபூ பாண்டா 4: முதல் மூன்று பாகத்துக்கு ஈடாகுமா?

கேள்வி: லீவுக்குக் கடலூர் வரும் அக்கா பிள்ளைகளுக்கு (5 வயது, 9 வயது) குங் ஃபூ பாண்டா நாலு பாகமும் போடலாமா? நாலாவது தேறுமா?

போடலாம். ஆனால் நாலாவது மற்ற மூன்றுக்குப் பக்கத்தில் நிற்காது. வசூல் 50 கோடி டாலரைத் தாண்டியதே என்பார்கள். தாண்டியது, இல்லை என்று சொல்லவில்லை. முதல் மூன்றும் சேர்த்து வைத்த நல்ல பெயருக்கு விழுந்த காசு அது.

முதல் படத்தை (2008) கவனித்துப் பாருங்கள். குரு ஷிஃபூ ஆரம்பத்திலேயே நாயகப் பாண்டா போவின் விரலைப் பிடித்து வூஷி விரல் பிடியைச் சொல்லி மிரட்டுவார். கடைசியில் வில்லன் தாய் லங்கின் கதை முடிவதும் அதே பிடியில்தான். இரண்டாவதில் (2011) ஷிஃபூ ஒரு நீர்த்துளியை உடையாமல் கையில் உருட்டுவார். அதே அசைவில்தான் போ பீரங்கிக் குண்டைத் திருப்பி அனுப்புகிறான். முன்னால் விதைத்ததைப் பின்னால் அறுக்கிற இந்த வேலை நாலாவதில் (2024) ரொம்பக் குறைவு.

அதைவிடப் பெரிய ஓட்டை வில்லி. தாய் லங் ஷிஃபூ எடுத்து வளர்த்த பிள்ளை. இரண்டாவதின் வில்லன் ஷென், போவின் இனத்தையே அழிக்கக் கிளம்பியவன். மூன்றாவதில் (2016) வரும் காய், ஷிஃபூவின் குரு ஊக்வேயின் பழைய தோழன். நாலாவதில் வரும் பச்சோந்திக்கும் போவுக்கும் முன்பகை என்று எதுவும் கிடையாது. உருவம் சிறியது என்று அவளைக் குங் ஃபூ பள்ளிகள் சேர்க்காமல் விரட்டியதை வசனத்திலேயே சொல்லி முடித்துவிடுகிறார்கள். அதைக் காட்சியாக எடுத்திருந்தால் படமே வேறு மாதிரி ஆகியிருக்கும். குங் ஃபூ ரகசியம் இருப்பதாக நம்பிய டிராகன் சுருளுக்காக அந்த ஆட்டம் ஆடிய தாய் லங்கைத் திரும்பக் கூட்டிவந்து, கும்பிடு போட வைத்து அனுப்புவதெல்லாம் அநியாயம். போவின் கூட்டாளிகளான ஐவர் அணியும் கடைசியில் தலைகாட்டுவதோடு சரி. மூன்றாவதுக்கு 14.5 கோடி டாலர் செலவு, இதற்கு 8.5 கோடி என்று செய்தி வந்தது. திரையிலும் அது தெரிகிறது.

பிடித்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் குறை சொல்லவே பிறந்தவன் என்பீர்கள். பிங்கும் லீயும், அதாவது போவின் வளர்த்த அப்பாவும் பெற்ற அப்பாவும், சேர்ந்து கிளம்பும் பயணம் அருமை. மலை விளிம்பில் சாய்ந்தாடும் விடுதிச் சண்டைக்குப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

கத்திரி வெயிலில் மதியம் சில்வர் பீச்சுக்கா கூட்டிப் போக முடியும்? அந்த நேரத்துக்கு இது சரி. ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரத்தை ஒட்டித்தான் ஓடும், நாளைக்கு ஒன்று போதும். இரண்டாவதில் அம்மா பாண்டா குழந்தையை முள்ளங்கிக் கூடையில் ஒளித்துவிட்டு ஓடும் காட்சி இருக்கிறது. ஐந்து வயசுக்காரர் பக்கத்தில் யாராவது பெரியவர் உட்காருங்கள். அதைத் தாண்டவிட்டுப் போட்டால் மூன்றாவதில் லீ வரும்போது ஒன்றும் புரியாது. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே சில நாள் இடைவெளி விடுங்கள், ஏமாற்றம் குறையும்.

எல்லா பாகத்துக்கும் தமிழ் ஆடியோ இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்து வையுங்கள். ஒன்றைத் தமிழில் பார்த்த பிள்ளை அடுத்ததை இங்கிலீஷில் போட்டால் எழுந்து போய்விடும். தியேட்டர்காரர்களுக்கும் இது புரிவதில்லை. நம் பக்கம் பிள்ளைகள் படம் என்றால் காலையில் ஒரு ஷோ, அதுவும் பள்ளிக்கூடம் நடக்கிற நேரத்தில். பிறகு கூட்டம் வரவில்லை என்று மூன்றாம் நாளே தூக்கிவிடுவார்கள். தமிழில் வேண்டும் என்றால் பாண்டிக்கு பஸ் ஏறணும்.