புது டிரைவைச் சேர்க்க மறுக்கும் ரெய்டு: வாங்கும் முன்னும் பின்னும்

கேள்வி: நான்கு ஸ்லாட் நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) நான்கு 4 டிபி டிரைவ்கள் போட்டு ரெய்டு 5 (ஒரு டிரைவ் போனாலும் தரவு தப்பும்படி பல டிரைவ்களைச் சேர்க்கும் முறை) அமைத்திருக்கிறோம். ஒன்று பழுதானது. கம்ப்யூட்டரில் போடும் சாதாரண 4 டிபி டிரைவ் ஒன்றை வாங்கி மாட்டினேன். ரீபில்ட் (புது டிரைவில் தரவைத் திரும்ப எழுதும் வேலை) பாதி வரை போய் நின்றுவிட்டது. இப்போது புது டிரைவும் பழுது என்று காட்டுகிறது. கடையில் திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம். ஆனால் அதே மாடலில் இன்னொன்றை வாங்கி வராதீர்கள், அதுவும் இப்படியே நிற்கக்கூடும். அதைவிட அவசரமான விஷயம் ஒன்று உண்டு. திரையில் 'இனிஷியலைஸ்' அல்லது 'புதிய வால்யூம் உருவாக்கு' என்று வந்தால் தொடவே தொடாதீர்கள். மிச்சமிருக்கும் மூன்று டிரைவ்களில்தான் உங்கள் தரவு முழுவதும் இருக்கிறது. இன்னும் ஒன்று போனால் எல்லாமே போய்விடும். பெட்டி இப்போதும் ஃபைல்களைக் காட்டுகிறது என்றால், முக்கியமானவற்றை முதலில் வெளியே காப்பி எடுங்கள். ரீபில்ட் பிறகு நடக்கட்டும்.

நின்றதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். முதலாவது எஸ்எம்ஆர் முறை, அதாவது டிரைவில் தரவு எழுதும் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி அடுக்குவது. கூரையில் ஓடு வேய்வதுபோல ஒரு தடத்தின் ஓரத்தில் அடுத்த தடம் ஏறி நிற்கும். ஒரு தடத்தைத் திருத்த வேண்டுமானால் அடுத்தடுத்த தடங்களையும் சேர்த்து எழுத வேண்டும். அன்றாட வேலையில் இது தெரியாது, ஏனென்றால் டிரைவ் தனியாக ஒதுக்கிய பகுதியில் முதலில் எழுதிவிட்டு ஓய்வு கிடைக்கும்போது அடுக்கி வைக்கும். ரீபில்டில் அந்த ஓய்வே கிடைக்காது. ஒதுக்கிய இடம் நிரம்பியதும் வேகம் படுத்துவிடும், பெட்டியும் பதில் வரவில்லை என்று டிரைவை விலக்கிவிடும். 'நாஸ்' என்று டிரைவின் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பவும் முடியாது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையிலேயே 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020-இல்தான் வெளியே வந்தது. பிறகு சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகை) டிரைவ்களுக்கு ரெட் பிளஸ் என்று தனிப் பெயர் வைத்தார்கள். ஆகவே மாடல் எண்ணின் கடைசி எழுத்து வரை குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் விவரத்தாளில் சிஎம்ஆர் என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

இரண்டாவது, பிழை திருத்தும் நேரம். படிக்க முடியாத செக்டர் (தரவு எழுதும் சிறு துண்டு) வந்தால் சாதாரண டிரைவ் ஒரு நிமிடத்துக்கும் மேல் விடாமல் முயலும். நாஸ் டிரைவ் சுமார் 7 நொடியில் கைவிட்டுப் பிழையைச் சொல்லிவிடும், ரெய்டு மற்ற டிரைவ்களிலிருந்து அந்தத் தரவைக் கணக்கிட்டுக்கொள்ளும். சாதாரண டிரைவ் எடுக்கும் நேரம் வரை பொறுக்காத கன்ட்ரோலர் (ரெய்டை நிர்வகிக்கும் பகுதி) அதைச் செத்ததாகவே எண்ணிக்கொள்ளும்.

திருப்பிக் கொடுக்கும் முன் ஸ்மார்ட் அறிக்கையை (டிரைவ் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் பட்டியல்) பாருங்கள். அதில் 5, 197, 198 என்ற எண்ணுள்ள வரிகளின் மூல எண் (raw value) ஏறிக்கொண்டே போனால் டிரைவே பழுது. 199 மட்டும் ஏறினால் கேபிள் அல்லது ஸ்லாட் தொடர்பு சரியில்லை, டிரைவ் மேல் குற்றமில்லை. புது டிரைவ் மாட்டியவுடனேயே 'கொள்ளளவு போதாது' என்று வந்தால் செக்டர் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். வழக்கமான 4 டிபி டிரைவில் 512 பைட் கணக்கில் 7,81,40,37,168 செக்டர்கள் இருக்கும். பழையதைவிடக் கொஞ்சம் குறைந்தாலும் பொதுவாக ஏற்காது. பெரியதாக இருந்தால் தடையில்லை, கூடுதல் இடம் சும்மா கிடக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: சர்வரில் ஒரு பழைய டிரைவ் மாட்டினேன். 'ஃபாரின்' என்று காட்டி, இம்போர்ட்டா (அதிலுள்ள அமைப்பை ஏற்பது) கிளியரா (அதை அழிப்பது) என்று கேட்கிறது.

பதில்: அந்த டிரைவ் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. வேறொரு ரெய்டில் இருந்தபோது எழுதப்பட்ட அமைப்புக் குறிப்பு அதில் இன்னும் இருக்கிறது. உள்ளே உங்களுக்கு வேண்டியது எதுவும் இல்லையென்றால் கிளியர் கொடுத்துவிட்டு, ஹாட் ஸ்பேராக (வேறொன்று பழுதானால் தானே இடத்தை ஏற்கும் மாற்று டிரைவாக) சேர்க்கலாம்.

உங்கள் ரெய்டிலிருந்தே கழன்று விழுந்த டிரைவ் என்றால் நிதானம் தேவை. ரெய்டு இன்னும் ஓடுகிறது, இது ஒன்று மட்டும் வெளியே இருந்தது என்றால் இதிலுள்ள தரவு பழசு. கிளியர் செய்து புதிதாக ரீபில்ட் செய்வதே சரி. ஆனால் மின்கேபிள் ஆடியதால் இரண்டு மூன்று டிரைவ்கள் ஒரே நேரத்தில் விழுந்து ரெய்டே நின்றுவிட்டதென்றால் கிளியர் கொடுக்கக் கூடாது. எல்லாவற்றையும் பழைய ஸ்லாட்களில் மாட்டி, இம்போர்ட் செய்யுங்கள். வேறு வேறு நேரத்தில் விழுந்திருந்தால், முதலில் விழுந்ததைச் சேர்க்காதீர்கள், கடைசியாக விழுந்ததில்தான் புதிய தரவு இருக்கும்.

பெரிய ஸ்டோரேஜ் கருவிகளிலிருந்து கழற்றி விற்கும் சாஸ் (சர்வர்களுக்கான இணைப்பு வகை) டிரைவ்களில் செக்டர் அளவு 520 பைட்டாக இருப்பதுண்டு. சாதாரண கன்ட்ரோலர் அதை ஆதரிக்காது. 512-க்கு ஃபார்மேட் செய்ய மணிக்கணக்கில் ஆகும், உள்ளிருப்பது முழுவதும் அழியும். விற்பவரிடம் இதை முன்கூட்டியே கேளுங்கள்.

கேள்வி: புது சாட்டா (கம்ப்யூட்டர்களின் வழக்கமான இணைப்பு வகை) டிரைவ் சுழலவே இல்லை. வேறு கம்ப்யூட்டரில் ஓடுகிறது.

பதில்: மின் இணைப்பின் மூன்றாவது பின்னைப் பாருங்கள். சாட்டா 3.3 தரத்தில் அந்தப் பின்னுக்கு 3.3 வோல்ட் வந்தால் டிரைவை நிறுத்து என்று பொருள். பழைய பவர் சப்ளை அந்த மின்னழுத்தத்தை எப்போதும் கொடுத்துக்கொண்டே இருக்கும். 3.3 வோல்ட் கம்பி இல்லாத மோலெக்ஸ் (பழைய நான்கு பின் மின் இணைப்பு) அடாப்டர் போட்டால் சுழலும். உருக்கி வார்த்த வகையைத் தவிர்த்து, கம்பியைத் தனியாகச் செருகிய வகையை வாங்குங்கள், முதல் வகை சூடேறி உருகும் அபாயம் உண்டு.