நோக்கக் கூற்றைக் கிணற்றடியில் தொடங்குங்கள்

கேள்வி: யாழ். பல்கலைக்கழகத்தில் புவியியல் சிறப்புப் பட்டம் முடித்துவிட்டேன். வெளிநாட்டில் முதுமாணி படிக்க நோக்கக் கூற்று (ஏன் படிக்க விரும்புகிறோம் என்று எழுதும் Statement of Purpose) கேட்கிறார்கள். என் வரைவை அனுப்பியுள்ளேன், சரியா? அம்மாவின் சுகவீனத்தால் இரண்டாம் வருடத்தில் இரண்டு பாடங்களில் புள்ளி குறைந்தது. அதைச் சொல்லலாமா?
— வாசகி, கோண்டாவில்

பதில்: வரைவை இரண்டு தரம் வாசித்தேன். "சிறுவயது முதலே சுற்றாடலில் எனக்குத் தீராத ஆர்வம்" என்று தொடங்குகிறீர்கள். இந்த வரியை யாரும் எழுதலாம், அதுதான் அதன் குறை. உங்கள் ஆய்வோ மூன்றாம் பந்தியில் ஒரே வரியில் ஒளிந்து கிடக்கிறது. அதை மேலே கொண்டுவாருங்கள், இப்படி:

"வெங்காயத் தோட்டங்களை அண்டிய 20 கிணறுகளில் மாரிக்கு முன்னும் பின்னும் நீர் எடுத்துச் சோதித்தேன். சிலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டியிருந்தது. அடுத்த வளவுக் கிணற்றில் ஏன் தாண்டவில்லை என்று சொல்ல என்னிடம் இருந்த தரவு போதவில்லை."

கடைசி வரியைப் பாருங்கள். நீங்கள் ஏன் மேலே படிக்க வேண்டும் என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது. போதாமையை எழுதப் பயப்பட வேண்டாம். அடுத்த பந்தியில், அந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடம், யாருடைய ஆய்வு இந்தக் கேள்விக்கு உதவும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். "உலகப் புகழ்பெற்ற" போன்ற அடைமொழிகளை வெட்டிவிடுங்கள். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை, சுண்ணக்கல்லுக்குள் தங்கும் மழைநீரே எங்கள் கிணறுகளுக்கு ஆதாரம் என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அங்கே வாசிப்பவருக்குத் தெரியாது.

இன்னொன்று. பாடசாலையில் விண்ணப்பக் கடிதம் எழுதிப் பழகிய எங்களுக்குத் "தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" கையோடு வந்துவிடும். துறைத்தலைவர் ஊடாகப் பதிவாளருக்கு எழுதும் கடிதத்தில் அது பொருத்தம். நோக்கக் கூற்றில் அந்தப் பணிவை ஆங்கிலப்படுத்தினால் கெஞ்சுவது போலாகிவிடும். உங்கள் வரைவில் நாலு இடத்தில் இருக்கிறது, எடுத்துவிடுங்கள்.

புள்ளி விஷயத்தைச் சொல்லலாம், இரண்டே வசனத்தில். "இரண்டாம் வருடத்தில் அம்மாவின் சிகிச்சைக்காக விரிவுரைகள் பலவற்றைத் தவறவிட்டேன். மூன்றாம் வருடத்தில் அதே துறைப் பாடங்களில் பெற்ற பெறுபேறுகளை இணைத்துள்ளேன்." அவ்வளவு போதும். விண்ணப்பத்தில் இதற்கெனத் தனி இடம் இருந்தால் அங்கே எழுதுங்கள், கூற்றில் வேண்டாம்.

பரிந்துரைக் கடிதத்தை உங்கள் ஆய்வை மேற்பார்வை செய்த விரிவுரையாளரிடமே கேளுங்கள், பதவி பெரிது என்பதற்காக வேறொருவரிடம் போகாதீர்கள். "சேர், ஒரு லெட்டர் வேணும்" என்று வட்ஸ்அப்பில் கேட்காமல், முடிவுத் திகதிக்கு மூன்று நாலு கிழமை முன்பே மின்னஞ்சல் அனுப்புங்கள். பெறுபேற்றுப் பத்திரத்தையும் திருத்திய கூற்றையும் அதோடு இணைத்தால், அந்த 20 கிணறுகளைப் பற்றி அவரும் எழுதுவார்.